கந்தக மணியும் குவார்ட்ஸ் இழையும்: நுண்மின்னோட்ட அளவீட்டில் காப்பு மரபு

1936-இல் சென்னை வானில் பலூன்களோடு ஏறிய காஸ்மிக் கதிர்க் கருவியில் பெருக்கி எதுவும் கிடையாது. உருக்கிய குவார்ட்ஸின் மெல்லிய இழை ஒன்றும், அதன் அசைவைப் பதியும் புகைப்படச் சுருளுமே அதன் உயிர். போவென், மில்லிகன், நெஹர் மூவரும் 1937-இல் ‘பிசிக்கல் ரிவியூ’ இதழில் வெளியிட்ட கட்டுரை அந்த அளவீடுகளை டெக்சாஸின் சான் அன்டோனியோவோடு ஒப்பிட்டது. சென்னையின் காந்த அகலாங்கு வடக்கே 3 பாகை; சான் அன்டோனியோவுக்கு 38.5 பாகை. குறைந்த மின்னோட்டத்தை அளக்கும் வால்வுகள் அதற்கு ஆறாண்டு முன்பே வந்துவிட்டன. அப்படியிருக்க, இந்தப் பழைய மின்காட்டியை எந்த மரபில் வைப்பது?

இக்கேள்விக்குப் பலரும் பீட்டர் காலிசனின் ‘இமேஜ் அண்ட் லாஜிக்’ (1997) நூலையே நாடுவர். நுண்துகள் இயற்பியலின் கருவிகளை அவர் இரண்டு மரபுகளாகப் பிரித்தார். முகில் அறை, புகைப்படக் குழம்பு, குமிழி அறை ஆகியவை துகளின் தடத்தைக் கண்ணுக்குக் காட்டும் படிம மரபு. எண்ணிகளும் அவற்றை இணைக்கும் மின்னணுச் சுற்றுகளும் எண்ணிக்கையால் வாதிடும் தர்க்க மரபு. பிரிவு அழகானது, பயனுள்ளதும்கூட. ஆனால் சென்னையில் ஏறிய கருவி இரண்டிலும் பொருந்தவில்லை. அது படம் எடுக்கிறது. படத்தில் இருப்பது துகளின் தடம் அன்று, இழையின் நிழல். அது அளவு தருகிறது; துகள்களை ஒவ்வொன்றாக எண்ணித் தருவதில்லை. திரண்ட மின்னேற்றம் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதே அதன் ஒரே செய்தி. அத்தகைய கருவிக்கு, அளக்க வந்த வழியைத் தவிர வேறெந்த வழியிலும் மின்னேற்றம் வெளியேறக் கூடாது. மூன்றாவதாக ஒரு காப்பு மரபு இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அதற்கான முதற்சான்று, காலிசன் படிம மரபின் தொடக்கத்தில் நிறுத்தும் சி.டி.ஆர். வில்சனிடமே கிடைக்கிறது.

மின்னேற்றிய பொருள் தானாக மின்னேற்றம் இழப்பதைக் கூலும் 1785-லேயே கவனித்திருந்தார். இழப்பு தாங்கியின் வழியா, காற்றின் வழியா என்பதுதான் வழக்கு. வில்சன் 1901-இல் அதைத் தீர்க்கச் செய்த ஏற்பாடு நின்று நோக்கத் தக்கது. மூடிய கலத்துக்குள் ஓர் உலோகத் தண்டு. அதன் முனையில் கந்தக மணி. மணிக்குக் கீழே தங்க இலை. தொடக்கத்தில் தண்டுக்கும் இலைக்கும் ஒரே மின்னழுத்தம். பிறகு இலை தனித்து விடப்படுகிறது. தண்டின் மின்னழுத்தம் மட்டும் மாறாமல் காக்கப்படுகிறது. இப்போது கந்தகம் கசிந்தால்தான் என்ன? மின்னேற்றம் தண்டிலிருந்து இலைக்குள் வருமே ஒழிய, இலையிலிருந்து வெளியே போகாது. ஆகவே இலை தாழ்ந்தால் காரணம் காற்றின் அயனிகளே. வில்சன் கசிவை ஒழிக்கவில்லை. அதன் திசையைத் திருப்பி, சாட்சி சொல்ல முடியாதபடி ஆக்கினார். இக்கருவியை இரவில் ஸ்காட்லாந்தின் ரயில் சுரங்கப்பாதை ஒன்றுக்குள் கொண்டுபோயும் அளந்தார்.

இன்றைய பிசிபி பலகையில் உள்ளீட்டுக் காலைச் சுற்றி ஓடும் ‘கார்டு’ (காப்பு) வளையத்தின் தத்துவமும் இதுதான். 10 வோல்ட் வேறுபாடு 10^12 ஓம் காப்பின் குறுக்கே நின்றால் 10 பிகோ ஆம்பியர் கசியும். வளையத்தை உள்ளீட்டின் மின்னழுத்தத்திலேயே நிறுத்தி வேறுபாட்டை 1 மில்லிவோல்ட்டாகக் குறைத்தால், அதே காப்பில் கசிவு 1 ஃபெம்டோ ஆம்பியர். காப்புப் பொருள் மாறவில்லை. கசிவு பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது.

கெல்வினின் மின்மானியிலும் காப்பு வளையம் உண்டே என்று கேட்கலாம். ஆனால் அது தட்டின் ஓரத்தில் மின்புலம் வளையாமல் காக்க வந்தது. கசிவைத் தடுக்க அன்று. உருவ ஒற்றுமையை மட்டும் வைத்து வில்சனைக் கெல்வினின் வாரிசாக்குவது துணிபாகாது.

சென்னைக்கு வருவோம். காந்த நடுக்கோட்டுக்கு அருகே சுமார் 1,700 கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட துகள்களே செங்குத்தாக வளிமண்டலத்தை எட்டும். சென்னையின் அளவு குறைவதற்குக் காரணம் அதுவே. இரு ஊர்களின் காற்றும் ஒன்றல்ல. கடலோர ஈரத்தால் சென்னைக் கருவி கூடுதலாகக் கசிந்திருந்தால், அந்தக் கசிவு காஸ்மிக் கதிராகவே கணக்கில் ஏறியிருக்கும். இரு ஊர்களுக்கிடையே உள்ள வேறுபாடு பொய்யாகச் சுருங்கியிருக்கும். மூடிய கலமும் குவார்ட்ஸும் இந்த ஐயத்தை அடைத்தன. எடை குறைவு என்பதற்காகவே மின்காட்டி தேர்வானது என்றும் சொல்லலாம். அதை முற்றாக மறுக்க இயலாது. ஆயினும் ஒப்பீட்டின் நம்பகம் காப்பின்மேல் நின்றது என்பதை எடைக் காரணம் விளக்காது.

வால்வுகளும் இதே மரபின் கிளைதான். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் எஃப்பி-54 (1930) தன் கட்டுப்பாட்டு கிரிட்டைக் குவார்ட்ஸ் தாங்கிகளில் நிறுத்தியது. எஞ்சிய வாயு அயனியாகாதபடி ஆனோடு மின்னழுத்தத்தைத் தாழ்த்தியது. கிரிட் மின்னோட்டம் 10^-15 ஆம்பியர் அளவுக்கு இறங்கியது. அதற்கு இரண்டாண்டு முன்பு, 1928-இல், ஜான்சனும் நைகுவிஸ்டும் மின்தடையின் வெப்ப இரைச்சலை வரையறுத்திருந்தனர். 10^11 ஓம் மின்தடை அறை வெப்பத்தில், 1 ஹெர்ட்ஸ் பட்டையில், சுமார் 0.4 ஃபெம்டோ ஆம்பியர் இரைச்சல் தரும். மின்தடை ஏற ஏற இந்த மின்னோட்ட இரைச்சல் குறையும். ஆனால் காப்பு கசிந்தால் உயர் மின்தடையின் இந்த ஆதாயம் கிடைக்காது.

சென்னை பெசன்ட் நகரின் கடற்கரையோரத் தெருக்களில் இது ஏட்டுக் கணக்கு அன்று. சாதாரண உப்பு சுமார் 75 விழுக்காடு ஈரப்பதத்தில் காற்றின் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். பலகையில் படிந்த உப்பும் துடைக்காத ஃபிளக்ஸும் அப்போது மின்பாதையாகிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி உலர்த்துவது, உள்ளீட்டுக் காலைப் பலகையில் பதிக்காமல் டெஃப்லான் தாங்கியில் தூக்கி நிறுத்துவது, வளையத்தின் மேலிருக்கும் பச்சைப் பூச்சை நீக்குவது ஆகியவை கந்தக மணி காலத்துக் கவலையின் தொடர்ச்சியே.

காலிசனுக்கு ஆதரவான சான்றையும் மறைக்கலாகாது. 1939–40-இல் நெஹரும் பிக்கரிங்கும் இந்தியாவில், பெங்களூர் உட்பட, நடத்திய பலூன் அளவீடுகளில் எண்ணிகளும் வானொலியும் வந்துவிட்டன. தர்க்க மரபு வென்றதாகவே தோன்றும். ஆனால் 1962-இல் வெள்ளியை நோக்கிச் சென்ற மாரினர் 2 விண்கலத்தில் கைகர் எண்ணிகளோடு நெஹர் வகை அயனி அறையும் பயணம் செய்தது. அதன் உள்ளே குவார்ட்ஸ் இழை இருந்தது. காப்பு மரபு எந்த ஆண்டில் மின்னணுவியலுக்குள் கரைந்தது என்று வரையறுக்க இந்தச் சான்றுகள் போதா. 1940-க்கு முன்பே கரைந்துவிட்டது என்ற முடிவை மட்டும் இவை ஏற்க விடவில்லை.