வராது என்று நாமே அடித்துவிட்ட இடங்கள்



பொறியியல் கலந்தாய்வு நெருங்கினால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. என்னிடம் கணக்குப் படித்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளுக்காகக் கூப்பிடுகிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "சார், கட்-ஆஃப் கொஞ்சம் குறைஞ்சு போச்சு. ஆசைப்பட்ட காலேஜ் வராது போலிருக்கு. லிஸ்ட்டில் முதலில் எதைப் போடட்டும்?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே ஒருமுறை எழுதிவிடுகிறேன். பதில் ஒரு வரிதான். ஆனால் அந்த வரியில் நம்பிக்கை வர வேண்டுமானால் பழைய கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நான் சொல்லப்போவது மருத்துவக் கல்லூரி இடங்களில் ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்தில் மதிப்பெண் எவ்வளவு என்பதோடு, எங்கே விண்ணப்பிக்கிறோம் என்பதும் தலையெழுத்தைத் தீர்மானித்தது. மாவட்டங்களின் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்களைப் பிரித்துக் கொடுக்கும் முறை ஒன்று இருந்தது. ராஜேந்திரன் வழக்கில் 1968-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பிறகு அரசு மருத்துவக் கல்லூரிகளை ஆறு பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வுக் குழு வைத்தார்கள். மாணவன் ஏதாவது ஒரு குழுவுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். நேர்முகத் தேர்வுக்கு மட்டும் 75 மதிப்பெண். விளைவு என்ன? ஒரு பிரிவில் குறைந்த மதிப்பெண்காரனுக்கு இடம் கிடைத்தது, வேறு பிரிவுக்கு மனுப் போட்ட அதிக மதிப்பெண்காரன் வெளியே நின்றான். பெரியகருப்பன் வழக்கில் 1970-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு முறையையும் ஏற்கவில்லை.

அன்றைக்குப் பெற்றோர் "எங்கே போட்டி குறைவு?" என்று கணக்குப் போட்டதில் நியாயம் இருந்தது. தப்பான இடத்தில் மனுப் போட்டால் உண்மையிலேயே இழப்புதான். ஆசையை மறைத்துத் தந்திரமாக எழுத வேண்டும் என்ற பழக்கம் நம் வீடுகளுக்குள் வந்ததற்கு இப்படிப்பட்ட முறைகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி பொறியியலுக்கு வருவோம். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984-ல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்ததும் அந்தக் காலத்தில்தான். பிளஸ் டூ மதிப்பெண்ணை 200-க்குக் குறுக்கி, நுழைவுத் தேர்வின் 100-ஐயும் சேர்த்து 300-க்குக் கட்-ஆஃப் போட்டதை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அதை ரத்து செய்யும் சட்டம் 2006-ல் இயற்றப்பட்டு, 2007-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதன் பிறகு கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று மொத்தம் 200-க்குத்தான் கட்-ஆஃப்.

இதற்கு நடுவே 1997-ல் ஒற்றைச் சாளர முறை வந்துவிட்டது. ஊர் ஊராக மூட்டை கட்டிக்கொண்டு கிண்டிக்கு, அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனோமே, அதுதான். தரவரிசைப்படி கூப்பிடுவார்கள். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்பது திரையில் ஓடும். அப்பாக்கள் கையில் ஒரு நோட்டு இருக்கும். அதில் கல்லூரிப் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருப்பார்கள். திரையில் ஓர் இடம் தீர்ந்தால் பென்சிலால் ஒரு கோடு. நம் முறை வரும்போது கோடு விழாமல் மேலே எது நிற்கிறதோ அதுதான் நம் இடம்.

அந்தப் பென்சில் கோடு உண்மையின் மேல் போட்ட கோடு. இடம் தீர்ந்தது கண்ணுக்குத் தெரிந்தது, அடித்தோம்.

2018-ல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. கிண்டிப் பயணம் நின்றது, செலவும் அலைச்சலும் மிச்சம். ஆனால் மிச்ச இடம் காட்டிய திரையும் போய்விட்டது. என்ன மிச்சமிருக்கும் என்று தெரியாமலே, "இது இல்லாவிட்டால் அது, அதுவும் இல்லாவிட்டால் இன்னொன்று" என்று முழுப் பட்டியலையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். நாமோ பழைய பென்சிலைக் கீழே வைக்கவில்லை. தீர்ந்ததைப் பார்த்து அடித்த கை, தீர்ந்துவிடும் என்ற பயத்தில் அடிக்க ஆரம்பித்தது.

அந்த முதல் வருடம் நானே அதைச் செய்தேன். ஒரு மாணவன் பட்டியலோடு என் வீட்டுக்கு வந்தான். மேலே மூன்று இடங்களை ஆசையாக எழுதியிருந்தான். நான் முந்தைய ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த மூணும் உனக்கு வராது, எடுத்துடு" என்றேன். நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது, எடுத்துவிட்டான். பட்டியலில் முதலாவதாக நின்ற கல்லூரி கிடைத்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில நாள் கழித்துத்தான் தெரிந்தது, நான் அடித்த மூன்றில் இரண்டாவது இடம் அதே சுற்றில் அவனுக்குப் பின்னால் தரவரிசையில் இருந்த பையனுக்குப் போயிருந்தது. அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கு நல்ல வேலையில்தான் இருக்கிறான். ஆனாலும் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு அந்தக் கணக்கு தப்பியது இன்னும் உறுத்துகிறது.

எங்கே தப்பினேன்? கணினி எப்படி ஒதுக்குகிறது என்று நான் யோசிக்கவில்லை. அது தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவனாக எடுக்கிறது. அவன் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கிறது. பொதுப் பிரிவிலோ அவனுக்குரிய இடஒதுக்கீட்டிலோ காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுக்கிறது. முதல் மூன்று கிடைக்காவிட்டால் நான்காவதைப் பார்க்கும். மூன்றை வீணாக எழுதினான் என்பதற்காக அவனைப் பின்னுக்குத் தள்ளாது. கிடைக்காத இடத்தை மேலே எழுதுவதால் ஒரு நஷ்டமும் இல்லை.

எல்லா ஊரிலும் இப்படி இருந்ததில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் இடம் கொடுத்தார்கள். பெரிய பள்ளிக்கு ஆசைப்பட்டுத் தோற்ற பிள்ளை இரண்டாவதற்கு வருவதற்குள் அதுவும் நிரம்பியிருக்கும். அங்கே உண்மையை எழுதியவன் ஏமாந்தான். பொருளாதார அறிஞர்கள் அதை எடுத்துக் காட்டியபின் 2005-ல் மாற்றினார்கள். அவர்களில் ஒருவர் ஆல்வின் ராத். இத்துறைக்கு 1962-லேயே கேலும் ஷேப்லியும் எழுதிய ஒரு சிறு கட்டுரை அடித்தளம் போட்டிருந்தது. ராத்துக்கும் ஷேப்லிக்கும் 2012-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம் கலந்தாய்வில் அந்தப் பாஸ்டன் ஆபத்து இல்லை. நாம்தான் அது இருப்பதாக நினைத்துப் பயப்படுகிறோம்.

ஆகவே என் ஒரு வரிப் பதில்: எது கிடைக்கும் என்ற வரிசையில் எழுதாதீர்கள், எது வேண்டும் என்ற வரிசையில் எழுதுங்கள்.

அப்படியானால் போன வருடக் கட்-ஆஃப் எதற்கு? மேலே எதை அடிப்பது என்பதற்கு அல்ல, கீழே எவ்வளவு தூரம் எழுத வேண்டும் என்பதற்கு. கணக்கு வினாத்தாள் கடினமாக இருந்தால் எல்லோருடைய கட்-ஆஃபும் சேர்ந்து இறங்கும். மருத்துவம் கிடைத்தவர்கள் விலகினால் இடங்கள் திறக்கும். போன வருட எண் இந்த வருடத்துக்குத் தீர்ப்பு அல்ல. மதிப்பெண் குறைந்தவர்கள் ஆசையைக் குறைக்க வேண்டாம், பட்டியலை நீட்டுங்கள். ஐந்தாறு இடம் மட்டும் எழுதிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்காகக் காத்திருக்கும் வசதி பின்னால் வந்தது. ஒதுக்கிய இடத்துக்கு மேலே நீங்கள் எழுதியிருப்பதில்தான் தேடுவார்கள். மேலே ஒன்றுமே எழுதாதவன் எங்கே நகர்வான்?

சேரவே மாட்டோம் என்ற கல்லூரியைக் கடைசியில்கூட எழுத வேண்டாம். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய இருக்கின்றன, குறியீட்டு எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். கல்லூரியா, பாடப்பிரிவா என்ற சண்டையைப் பட்டியல் எழுதும் முன்பே வீட்டில் முடித்துக்கொள்ளுங்கள். அதில் கடைசி வார்த்தை படிக்கப்போகிற பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

அந்தப் பையனுக்கு 2018-ல் நான் சொல்லாததை இப்போது உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இடம் இல்லை என்று சொல்வது கலந்தாய்வின் வேலை. அதை நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மட்டும் தூங்குவேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்