எழுத்து உண்டு, உருவைக் காணோம்

என் சிறிய தகப்பனார், எங்கள் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்த வரலாற்றை 1998-ஆம் ஆண்டில் கணிப்பொறியில் தட்டச்சுச் செய்து வைத்தார். அவர் காலமான பின்பு அக்கோப்பை லிப்ரே ஆபீஸ் என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருளில் திறந்தேன். தமிழைக் காணோம், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடந்தன. காகிதப் படி ஒன்றும் இல்லை. நேயர்களுள் பலருக்கும் இவ்வனுபவம் நேர்ந்திருக்கக்கூடும்.

நம் எழுத்து உருமாறுவது புதிதன்று. கொல்லத்தில் 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகள் பருமனாக இருந்து காகிதத்தை விழுங்கின. ஆதலால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். அச்சு மாறினும், முன்பு அச்சான ஏடு மாறவில்லை. கணிப்பொறிக் கோப்போ அத்தகையதன்று. அதில் இருப்பவை எண்களும் எழுத்துருவின் பெயருமே.

1990-களில் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின் மேல் தமிழ் உருவங்களை ஏற்றினர். ஒருவர் எழுத்துருவில் ககரமாக நின்ற எண், மற்றொருவருடையதில் பகரமாக நின்றது! இக்குழப்பத்தைக் குறைக்கவே 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறிமுறைகளை ஏற்றது. 1991-இலேயே யூனிகோடு தமிழுக்குத் தனி இடம் தந்திருந்தும், அது பரவ நாளாயிற்று. பெங்களூரில் மத்திய அரசின் ஆய்வு மையத்தினர் ஓபன் ஆபீஸை இந்திய மொழிகளுக்கு இசைவித்தனர். 2005 ஏப்ரலில் சென்னையில் மத்திய அரசு இலவசமாக வெளியிட்ட குறுவட்டில், தமிழ் எழுத்துருக்களோடு அம்மென்பொருளின் தமிழ்ப் பதிப்பும் இடம்பெற்றது.

இனி, நோய் இரண்டு வகை. யூனிகோடுக் கோப்பில் கட்டங்கள் தெரிந்தால், லோகித், நோட்டோ போன்ற தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவினால் போதும். எழுத்து அமைப்பில் மேலைமொழிக்கு ஒரு பெயரும் தமிழ் முதலியவற்றுக்கு வேறொரு பெயரும் இருப்பதை மறவாதீர்கள். முன்னதை மட்டும் மாற்றிவிட்டு வியப்போர் பலர். ஆங்கிலச் சிதறல் தெரிந்தாலோ, புதிய எழுத்துரு உதவாது. குறிமுறையையே மாற்ற வேண்டும். அதற்குப் பழைய எழுத்துருவின் பெயர் தேவை. லிப்ரே ஆபீஸ் அப்பெயரைச் சாய்ந்த எழுத்தில் காட்டும்.

இதை அறியாமல் முதல் அத்தியாயத்தின் எழுத்துருவை மாற்றிச் சேமித்துவிட்டேன், பெயர் மறைந்தது. நல்வேளையாக இரண்டாம் அத்தியாயத்தில் அது எஞ்சியிருந்தது. ஆகவே முதலில் படி எடுத்துக்கொண்டு, பின்னரே கை வையுங்கள். மாற்றியபின் ஒகரங்கள் சில இடம் பிறழ்ந்து நின்றன. அவற்றை மாலைதோறும் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன். அல்சூர் ஏரிக்கரையில் என் பாட்டனார் முதலில் குடியேறிய வீடு வரை வந்திருக்கிறேன்.