தொண்டை மண்டலம்: இரு மாநிலங்களில் பிரிந்து கிடக்கும் பழந்தமிழ் நிலப்பகுதி

திருப்பதி: காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த தொண்டை மண்டலத்தின் வடபகுதி, இன்று ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் அடங்கியுள்ளது. வடபெண்ணைக்கும் தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பே இம்மண்டலம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகக் குறிப்பிடும் வேங்கடம், இங்குள்ள திருமலையே.

பல்லவர் காலத்தில் மண்டலம் 24 கோட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ஆதித்த சோழன் பல்லவரை வென்று இதனைக் கைப்பற்றினான். காளத்திக்கு அருகிலுள்ள தொண்டைமானாற்றூரில் அவன் மறைந்தான். அங்கு அவன் மகன் முதலாம் பராந்தகன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் இன்றும் உள்ளது. முதலாம் இராசராசன் காலத்தில் மண்டலத்தின் பெயர் ஜயங்கொண்ட சோழமண்டலம் என மாறியது. திருமலை, திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாட்டைச் சேர்ந்ததாகக் கல்வெட்டுகள் கூறுகின்றன. இன்றைய திருச்சானூர் அவற்றில் திருச்சோகினூர் எனக் காணப்படுகிறது. பழமையான இலிங்கத்தால் புகழ்பெற்ற குடிமல்லத்தின் அன்றைய பெயர் திருவிப்பிரம்பேடு.

திருமலைக் கோயிலில் கிடைத்த கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. காடவன் பெருந்தேவி எனப்பட்ட பல்லவ குல அரசி சாமவை, வெள்ளித் திருமேனி ஒன்றுடன் அணிகலன்களும் நிலமும் வழங்கிய செய்தியும் தமிழிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. போக சீனிவாசர் எனப்படும் அத்திருமேனி இன்றும் வழிபாட்டில் உள்ளது. விஜயநகர மன்னர்கள் காலத்திலும் இங்கு தமிழ்க் கல்வெட்டுகள் தொடர்ந்து பொறிக்கப்பட்டன. அதே மலையில்தான் 15ஆம் நூற்றாண்டில் அன்னமாச்சாரியார் தெலுங்குக் கீர்த்தனைகளை இயற்றினார். வேங்கடத்தை ஒற்றைக் கோடாக அன்றி, இரு மொழிகளும் கலந்து வாழ்ந்த நிலமாகக் கொள்வதே பொருத்தமாகும்.

எனினும் மாநிலங்களைப் பிரிக்கக் கோடு தேவைப்பட்டது. வட ஆர்க்காடு, கடப்பா மாவட்டப் பகுதிகளைக் கொண்டு 1911இல் உருவான சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலத்துடன் இணைந்தது. ‘வேங்கடத்தை விடமாட்டோம்’ என்ற முழக்கத்துடன் ம.பொ.சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் எல்லைப் போராட்டம் நடத்தியது. திருத்தணிப் பகுதியில் ஆசிரியர் மங்கலங்கிழார் அதில் முன்நின்றார்.

இச்சிக்கலைத் தீர்க்க எச்.வி. படாஸ்கர் நியமிக்கப்பட்டார். கிராமத்தை அலகாகக் கொள்ளுதல், நிலத்தொடர்ச்சி, மொழிப் பெரும்பான்மை ஆகியவை அவர் 1957இல் அளித்த பரிந்துரையின் அடிப்படைகள். அதன்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும், புத்தூர், சித்தூர் வட்டங்களின் சில கிராமங்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. ஈடாகச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டக் கிராமங்கள் சில ஆந்திரத்துக்குச் சென்றன. திருப்பதியும் காளத்தியும் ஆந்திரத்திலேயே நீடித்தன. எல்லைக்கு அப்பால் நின்ற தமிழ்க் குடும்பங்களுக்குப் பள்ளி, அலுவலகம் என அன்றாட வாழ்வின் மொழியே மாறியது.

2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர் மாவட்டம் மீண்டும் பிரிக்கப்பட்டு, திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மாவட்டம் உருவானது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூலூர்பேட்டைப் பகுதியும் அதனுடன் சேர்க்கப்பட்டது.