பதினெட்டு மாதப் படிப்பு

சென்னையில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்த 1854-லேயே அரசு அனுமதி தந்துவிட்டது. 1871-ல் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி வந்தது. அதெல்லாம் பட்டணத்துக் கதை. 1946-ல் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு கணக்கெடுத்தபோது இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்தான் இருந்தார். மூன்று வருஷம் படித்து வரும் நர்ஸுக்காகக் கிராமங்கள் காத்திருக்க முடியாது என்றுதான் துணைச் செவிலியர் - மருத்துவச்சி படிப்பு, அதாவது ஏ.என்.எம்., உருவானது. 1951-ல் பஞ்சாபின் தரன் தாரன் ஊரில் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷப் படிப்பாகத் தொடங்கினார்கள்.

1973-ல் சுகாதாரப் பணியாளர்களைப் பற்றி ஆராய்ந்த கர்த்தார் சிங் குழுவின் அறிக்கை வந்தது. பிரசவம், தடுப்பூசி, குடும்ப நலம் என எல்லாவற்றையும் ஒரே பெண் பார்க்கட்டும் என்றது. வேலை கூடியது. படிப்போ 1977-ல் பதினெட்டு மாதமாகச் சுருங்கியது. இந்தக் கணக்கை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. 1980-களில் நான் படித்தது அந்தப் பதினெட்டு மாதப் படிப்புதான்.

பொம்மைக் குழந்தையை இடுப்பெலும்பு மாதிரிக்குள் திருப்பித் திருப்பிப் பழகினோம். வயிற்றில் மரக்குழலை வைத்துக் காதை அழுத்தி, குழந்தையின் இதயத் துடிப்பை எண்ணுவோம். தாயின் நாடியையும் பிடித்துப் பார்த்துத்தான் அது குழந்தையின் துடிப்பு என்று உறுதி செய்ய வேண்டும். பாடம் நடத்திய சிஸ்டர் அதில் மட்டும் விடவே மாட்டார்.

வேலை கிடைத்தது ஒரு துணை சுகாதார நிலையத்தில். 5,000 பேருக்கு நான் ஒருத்தி. அந்த ஊரில் எனக்கு முன்பே ஒரு மருத்துவச்சி ஆத்தா இருந்தார். எண்ணெய் தொட்ட உள்ளங்கையால் வயிற்றைத் தடவியே தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். நான் குழலை வைத்துப் பார்த்தால் துடிப்பு அங்கேதான் கேட்கும். "இம்புட்டு நேரமா கை கழுவுவ தாயி?" என்பார். அடுத்த பிரசவத்தில் அவரே வெந்நீர் வைத்துக் காத்திருந்தார்.

அந்த வெந்நீர்தான் எங்கள் வரலாறு. அரிவாளால் தொப்புள்கொடி அறுத்துச் சாம்பல் வைத்த வீடுகளில் ஏழாம் எட்டாம் நாளில் குழந்தைக்கு வாய் பூட்டிக்கொள்ளும். பால் குடிக்காது, உடம்பு வில்லாய் வளையும். அதுதான் ரணஜன்னி, டெட்டனஸ். புது பிளேடும் கொதிக்க வைத்த நூலும் கர்ப்பிணிக்குப் போட்ட டி.டி. ஊசியுமாகத்தான் அதை விரட்டினோம். பச்சிளங்குழந்தைகளின் ரணஜன்னி இந்தியாவில் ஒழிந்ததென்று 2015-ல் அறிவித்தார்கள். அந்தச் செய்தியில் ஏ.என்.எம். பெண்களைப் பற்றி இரண்டு வரி இருந்திருக்க வேண்டும்.

இன்று தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேல் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. நாங்கள் ஆசைப்பட்டதும் அதுதான். படிப்பும் மறுபடி இரண்டு வருஷமாகிவிட்டது. ஆனால் கிராம நர்ஸ் பிரசவம் பார்ப்பது அநேகமாக நின்றுபோயிற்று, கையில் டேப்லெட்டும் பதிவேடுகளும் நிறைந்துவிட்டன. கொல்லிமலையிலும் ஜவ்வாது மலையிலும் மழைக்காலத்தில் 108 வண்டி ஏறி வருவதற்குள் வலி முற்றிவிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே வேலைக்குப் போகிற பெண்ணுக்காவது வயிற்றைத் தொட்டு அறியும் பழக்கத்தைப் படிப்பிலேயே முழுதாகக் கொடுத்து அனுப்ப வேண்டும்.