பங்கோரும் போர்ட் வெல்டும்: பேராக் கரையில் இரண்டு மீன்பிடி ஊர்கள்

ஈப்போக்காரர்களுக்குச் செங்குத்துப் பாறை என்றால் அது ஊருக்குள்ளேயே இருக்கிறது. கல்லுமலை முருகன் கோயிலை ஒட்டி எழும் சுண்ணாம்புக்கல் குன்று பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. இன்றைய கடலைப் பார்க்க வேண்டுமானால் மேற்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். போய்ச் சேர்ந்தால் அங்கே பாறை குறைவு, சேறும் காண்டாக் காடும்தான் நிறைய. இந்தக் கரையில் விடியற்காலை புறப்பட்டு ஒரே நாளில் பார்த்துத் திரும்பக்கூடிய மீன்பிடி ஊர்கள் இரண்டு உண்டு: தைப்பிங்குக்கு மேற்கே கோலா செபத்தாங், லூமுட்டுக்கு எதிரே பங்கோர் தீவு. செபத்தாங்கின் பழைய பெயர் போர்ட் வெல்ட்.

பயணக் கையேடுகள் பங்கோருக்கு இரண்டு இரவு ஒதுக்கச் சொல்லும். செபத்தாங்கை மீ ஊடாங் சாப்பிட்டுவிட்டு, இரவில் மின்மினி பார்த்துத் திரும்பும் இடமாக முடித்துவிடும். மணலையும் நீல நீரையும் தேடிப் போகிறவர்களுக்கு அது சரியான யோசனைதான். தோட்டத்து வழிவந்த தமிழர் இந்த இரண்டையும் பார்க்க வேண்டிய விதம் வேறு. நம் முன்னோர் இந்த நாட்டுக்கு வந்த கதையின் இரண்டு பக்கங்கள் இங்கே கிடக்கின்றன. ஒரு பக்கத்தைத்தான் நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு ஊர்களையும் வரலாற்றுக்குள் இழுத்துவந்தது ஈயம். 1670இல் டச்சுக்காரர்கள் பங்கோரின் தெலுக் கெடோங்கில் கோட்டை கட்டியது பேராக்கின் ஈயத்தைத் தங்கள் பிடியில் வைத்துக்கொள்ளத்தான். 1690இல் அது தாக்கி அழிக்கப்பட்டது. செங்கல் சுவர்கள் சீரமைக்கப்பட்டு இன்றும் நிற்கின்றன. அடுத்த பெரிய திருப்பமும் ஈயத்தால் வந்ததே. லாருட் சுரங்கங்களுக்காகச் சீனக் குழுக்கள் மோதிக்கொண்டதையும் பேராக் அரியணைப் போட்டியையும் காரணம் காட்டி ஆங்கிலேயர் உள்ளே நுழைந்தனர். 1874 ஜனவரி 20 அன்று பங்கோர் கடலில் நின்ற புளூட்டோ கப்பலில் உடன்படிக்கை கையெழுத்தானது. ராஜா அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பட்டார். ஆலோசனை சொல்ல ஓர் ஆங்கிலேய ரெசிடென்ட் வந்தார். முதலில் வந்த பர்ச் அடுத்த ஆண்டே பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார் என்பதைப் பள்ளிப் பாடத்தில் எல்லாரும் படித்திருப்போம்.

அந்தக் கையெழுத்துக்குப் பதினோரு ஆண்டு கழித்து, 1885 ஜூன் 1 அன்று, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இரயில் ஓடியது. மலாயாவின் முதல் இரயில் பாதை அது. நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். வேலை, லாருட்டின் ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுசெல்வது. ஊருக்கு நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் பிரெடரிக் வெல்டின் பெயரையே வைத்தார்கள். சேற்றிலும் சதுப்பிலும் அந்தப் பாதையைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையினர். அப்படையில் தமிழ்த் தொழிலாளர் இருந்தனர். பங்கோரில் நடந்தது அதிகாரத்தின் ஏற்பாடு. அதைச் செயலாக்கிய உடல் உழைப்பு போர்ட் வெல்டில் நடந்தது. ரப்பர் தோட்டங்களும் கங்காணி முறையும் பெரட்டுக் களமும் பேராக்கில் வேர்விட்டது இதற்கெல்லாம் பிறகுதான்.

இரண்டு ஊரிலும் படகு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சீனர்களும் மலாய்க்காரர்களும். பங்கோரின் கிழக்குக் கரையில் நெத்திலி காய்கிறது, கணவாய் காய்கிறது. மேற்கே பாசிர் போகாக்கிலும் தெலுக் நிப்பாவிலும் விடுதிகள். தொழிலும் சுற்றுலாவும் தீவின் இரண்டு பக்கங்களில் தனித்தனியாக நடக்கின்றன. 2020 முதல் தீவு தீர்வையற்ற பகுதி என்பதால் சாக்லேட் வாங்க வருகிறவர்களும் உண்டு.

செபத்தாங்கில் அப்படிப் பிரிக்க முடியாது. ஆற்றோரம் கால் ஊன்றி நிற்கும் வீடுகளுக்கு அடியிலேயே படகு. வீட்டு வாசலிலேயே வலை. ஊரைச் சூழ்ந்திருப்பது மாத்தாங் காண்டாக் காடு, 40,000 ஹெக்டேருக்கு மேல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து திட்டமிட்டு வெட்டி, திட்டமிட்டு வளர்க்கப்படும் காடு. ஒரு பகுதியை வெட்டினால் மறுபடி அங்கே கோடரி விழ முப்பது ஆண்டு. இடையில் பதினைந்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் நெருக்கமான மரங்களைக் கழித்துவிடுகிறார்கள். வெட்டிய கட்டைகளின் பட்டையை உரித்து, குவிமாடம் போன்ற செங்கல் சூளைக்குள் செங்குத்தாக அடுக்குகிறார்கள். தீயின் சூட்டில் ஈரம் வெளியேற வேண்டும். கட்டை எரிந்துவிடக் கூடாது. புகையின் நிறத்தையும் வாசத்தையும் வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். பிறகு வாயை அடைத்து ஆறவிடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு மாத வேலை. கரி ஜப்பான் வரைக்கும் போகிறது.

இந்தக் காடுதான் இறால் குஞ்சுக்கும் நண்டுக்கும் தொட்டில். கரையோரச் சேற்றில் கெராங் வளர்க்கிறார்கள். வெட்டுகிறவனும் வலை வீசுகிறவனும் ஒரே காட்டை நம்பி நூறாண்டுக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். பங்கோரின் கடல் அழகு இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

திட்டமில்லாமல் நிலத்தைக் கிளறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு ஊர்களுக்கும் நடுவிலேயே சாட்சி இருக்கிறது. பந்தாய் ரெமிஸ் அருகே கடலோரமாகத் தோண்டிக் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கம் ஒன்று இருந்தது. 1993 அக்டோபர் 21 அன்று சுரங்கத்துக்கும் கடலுக்கும் இடையில் இருந்த நிலம் துண்டு துண்டாகச் சரிந்தது. கடல் உள்ளே பாய்ந்து பள்ளத்தை நிரப்பியது. அரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு புதிய விரிகுடா உண்டாகிவிட்டது. சரிவைப் படம்பிடித்த காணொளியை இன்றும் பார்க்கலாம். மனிதன் தோண்டிய சுவர் ஒரு செங்குத்துப் பாறை போல நின்று, கண் முன்னே கடலுக்குள் போகிறது.

இனி நம்மவர் விட்டுச்சென்ற தடங்களுக்கு வருவோம். பங்கோரில் சுங்கை பினாங் கெச்சில் படகுத்துறைக்கு அருகே, கடலோரத்தில், ஸ்ரீ பத்திரகாளியம்மன் கோயில். மாசி மகத்தன்று லூமுட்டிலிருந்து வரும் படகுகளில் நிற்க இடமிருக்காது. பேராக்கின் மூலை முடுக்குகளிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி விற்கப்பட்டு, லயத்து ஆட்கள் தாமான்களுக்கும் பட்டணங்களுக்கும் சிதறிய பிறகும் இந்த ஒரு நாள் அவர்களை ஒன்றாகக் கூட்டுகிறது. பழைய தோட்டத்து ஆட்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்து, “நீ எந்த டிவிஷன்?” என்று விசாரித்துக்கொள்வதைக் கேட்டால் அது திருவிழா மட்டும் இல்லை என்று புரியும்.

செபத்தாங்கில் இருப்பது ஒரு பெயர்ப்பலகை. இரயில் நின்றுபோய்த் தண்டவாளமும் பெயர்க்கப்பட்ட பின், பயணச்சீட்டு அறையும் நிலையப் பலகையும் மட்டும் கடைகளுக்கு நடுவே எஞ்சின. ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்துகளில் ஊர்ப்பெயர். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு சாப்பிடப் போகிறார்கள். அந்தப் பலகையில் தமிழ் ஏன் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரை நான் அங்கே அதிகம் பார்த்ததில்லை. பாதை போட்டவர்களும் பின்னர் மலாயா இரயில்வேயில் தண்டவாளம் காத்தவர்களும், நிலையங்களில் குமாஸ்தாக்களாகவும் அதிபர்களாகவும் இருந்த யாழ்ப்பாணத்தவரும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

சாமி கும்பிட்ட இடத்தை நாம் விடவில்லை; வேலை செய்த இடத்தை விட்டுவிட்டோம். கோயிலுக்கு நிர்வாகக் குழு உண்டு, ஆண்டுக்கு ஒரு திருநாள் உண்டு, நன்கொடைச் சீட்டு உண்டு. உழைப்புக்கு அப்படி ஒரு ஏற்பாட்டை நாம் செய்துவைக்கவில்லை. பத்திரகாளியம்மன் முன் கூடும் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு ஜூன் முதல் நாள் செபத்தாங்கில் கூடினால் போதும், பாதை போட்டவர்கள் யார் என்று சொல்லும் ஒரு விளக்கப் பலகையை அங்கே நான்கு மொழியிலும் வைக்கச் சொல்லிக் கேட்க.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாசி மகத்துக்கு ஈப்போவிலிருந்து புறப்படும் பேருந்துகள் நேராக லூமுட்டுக்குப் போகின்றன. தைப்பிங் வழியாகச் சுற்றி, செபத்தாங்கில் காலைப் பசியாறி, சங்காட் ஜெரிங், பந்தாய் ரெமிஸ் வழியாகச் சித்தியவான் சாலையில் இறங்கினால் நண்பகலுக்குள் படகு ஏறிவிடலாம். அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.