மூணு வெங்காயமும் ஒரே சைஸ்ல இருக்கணும்! - இங்கிலாந்து கிராமப் போட்டிகள்

இங்கிலாந்து கிராமங்களில் கோடை முடியும் நேரத்தில் 'வில்லேஜ் ஷோ' களைகட்டும். முக்கியப் பிரிவுகள் இதோ...

காய்கறி: பெருசா இருந்தா மட்டும் போதாது. மூணு வெங்காயம் கேட்டா, மூணும் ஒரே அளவு, ஒரே வடிவத்துல இருக்கணும்.

கேக்: விக்டோரியா ஸ்பாஞ்ச் நடுவுல வழக்கமா ராஸ்பெர்ரி ஜாம் மட்டும்தான். க்ரீம் வெச்சா மார்க் போச்சு!

ஜாம்: பாட்டில்ல கம்பெனி பெயர் தெரியக் கூடாது. லேபிள்ல தேதி வேணும்.

கைவினை: பின்னல், தையல், மரவேலை.

குழந்தைகள்: காய்கறியில் செஞ்ச விலங்கு பொம்மைகள்.

அஞ்சு பீன்ஸ் கேட்ட இடத்துல ஆறு வெச்சா, 'என்.ஏ.எஸ்' கார்டு வந்துடும். 'விதிப்படி இல்லை'ன்னு அர்த்தம். மாசக்கணக்கில் வளர்த்த உழைப்பு ஒரே நொடியில் அவுட்! அதனால விவரமானவங்க, விதைக்கிறதுக்கு முன்னாடியே போட்டி விதிகளைப் படிச்சிடுவாங்க.