சமயப் பொறையும் காணியும்: மாத்தளை தரும் பாடம்

சமயப் பொறை தனிமனித நற்பண்பு என்றே பெரும்பாலும் பேசப்படுகின்றது. அப்பண்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின், சமய உணர்வு ஒரு காலத்தில் ஆட்சியாளரையும் பிறிதொரு காலத்தில் அயலவரையும் எதிர்த்து நிற்பது ஏன் என்ற வினாவுக்கு அது மட்டும் விடையாகாது. மாத்தளை மாவட்ட வரலாற்றை இவ்வகையில் நோக்குதல் தகும்.

பல்லேகம முதலான லக்கலைக் கிராமங்களில் வயலோடு சேனைப் பயிர்ச்செய்கையும் வாழ்வுக்கு ஆதாரமாயிருந்தது. உரிமை நிறுவப்படாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியவை எனக் கொள்ள 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. கண்டிப் பிரதேசத்தில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழகத் தொழிலாளர் மன்னார்க் கரையிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் மடிந்தோர் பலர். காணியிழந்த விவசாயியும் ஊரிழந்த தொழிலாளியும் ஒரே பொருளாதார அமைப்பின் விளைவுகளாவர்.

1848ஆம் ஆண்டு புதிய வரிகளுக்கெதிராக மாத்தளை கிளர்ந்தெழுந்தது. ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டார். அவருக்குத் துணைநின்ற புரான் அப்பு மொறட்டுவையைச் சேர்ந்தவர். பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ என்னும் கிறித்தவப் பெயருடையவர். குடாபொல தேரர் காவியுடையுடனேயே சுட்டுக் கொல்லப்பட்டார். முடியாட்சியை மீட்க முனைந்த அவ்வெழுச்சியை நாம் இலட்சியப்படுத்த வேண்டியதில்லை. எனினும், அங்கே சமயம் அதிகாரத்திற்கெதிரான மொழியாயிற்று.

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி அதே தம்புள்ளையில், பிக்குகள் தலைமையில் திரண்ட கூட்டம் ஹைரியா பள்ளிவாசலுக்குள் புகுந்தது; அன்றைய வெள்ளித் தொழுகை தடைப்பட்டது. பள்ளிவாசல் புனித பூமிக்குள் அமைந்துள்ளது என்பதே எதிர்ப்பாளர் வாதம். அயலிலிருந்த இந்துக் கோயிலையும் அகற்றுமாறு கோரப்பட்டது. பூசல் கோட்பாடு பற்றியதன்று, நிலம் பற்றியது. நிலத்தின்மேல் எழுந்த கோரிக்கை புனிதத்தின் பெயரால் பேசப்பட்டது.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பௌத்தத்திற்கு முதன்மையிடம் அளிக்கின்றது; 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தை எவருக்கும் உறுதிசெய்கின்றது. 14ஆம் உறுப்புரையோ வழிபாட்டுச் சுதந்திரத்தைக் குடிமக்களுக்கு உரியதாக்குகின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரை நினைவுகூர்ந்தால், வழிபாட்டுரிமை குடியுரிமையோடு பிணைக்கப்படுவதன் பொருள் விளங்கும்.

சமய உணர்வு வெறும் ஏமாற்று எனக் கூறுவது எமது நோக்கமன்று. அவ்வுணர்வு அயலவருக்கு எதிராகத் திருப்பப்படும் தளத்தைச் சுட்டுவதே நோக்கம். காணியுரிமையும் குடியுரிமையும் உறுதிப்படாத இடத்தில் பொறை என்பது பெரும்பான்மையினர் வழங்கும் சலுகையாகவே எஞ்சும். சலுகை எந்நேரமும் மீளப்பெறத்தக்கது. ஆகவே சமய சுதந்திரத்துக்கான போராட்டம் சனநாயகப் போராட்டத்தின் பிரிக்கவியலாத கூறாகும்.